தூங்கும் சிங்கமும் பெரியப்பாவின் கேள்விகளும்

தொண்ணூறுகளில் எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் மெரினா ஒரு நாள், வண்டலூர் ஒரு நாள் என்பது எழுதாத சட்டம். அந்த மே மாதம் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பெரியப்பா வந்திருந்தார். ஆயுசு முழுக்க மாடு கன்றோடு புழங்கியவர். புளிசாதத் தூக்கோடு எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து வண்டலூரில் இறங்கினோம்.

1855இல் மதராஸில் தொடங்கி, பிறகு மூர் மார்க்கெட்டை ஒட்டி நெருக்கடியில் கிடந்த மிருகக்காட்சிசாலைதான் 1985இல் இந்தக் காட்டுக்குக் குடிவந்தது. எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. என் கவலை, சஃபாரி வேனில் ஜன்னலோர சீட் கிடைக்குமா என்பதுதான். கிடைத்தது. ஜன்னலுக்குக் கம்பிவலை. கை நீட்டக்கூடாது, கத்தக்கூடாது என்றார் டிரைவர்.

வழியில் மரநிழலில் புள்ளிமான்கள். அதில் ஒரு ஆண் மானின் கொம்பு வழவழவென்று, மெல்லிய ரோமம் போர்த்தியிருந்தது.

“என்னய்யா, கொம்புல தோல் இருக்கு?” என்றார் பெரியப்பா.

“புதுக் கொம்பு சார். வருஷா வருஷம் விழுந்து முளைக்கும். அந்தத் தோல்லதான் ரத்த ஓட்டம். முத்தினதும் காஞ்சிடும், மரத்துல தேச்சு உரிச்சுடும்.”

பெரியப்பா நம்பவில்லை. மாட்டுக்கு விழாத கொம்பு மானுக்கு மட்டும் எப்படி விழும் என்று தர்க்கம் பண்ணினார். டிரைவர் சொன்னதுதான் சரி. மாட்டின் கொம்பு உள்ளே எலும்பு, மேலே நகத்தைப் போன்ற உறை, ஆயுளுக்கும் அதுதான். மானின் கொம்போ முழுக்க எலும்பு.

சிங்கப் பகுதிக்கு இரட்டைக் கதவு. பின்னால் ஒன்று மூடிய பிறகுதான் முன்னால் இருப்பது திறக்கும். அந்த இடைவெளியில் வேனே மூச்சடங்கிப்போனது. உள்ளே போனால், பாதையோரம் ஒரு ஆண் சிங்கம் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது! ஈ மொய்த்த காது மட்டும் துடித்தது. தேங்காய் நார்க் குஞ்சம் மாதிரி வால் நுனி, எழும்பி விழுந்தது. பூனை இனத்திலேயே வால் குஞ்சம் சிங்கத்துக்கு மட்டும்தான். மீசை முளைக்கும் இடத்தில் வரிசையாகக் கரும்புள்ளிகள். அந்தப் புள்ளி அமைப்பு சிங்கத்துக்குச் சிங்கம் மாறும், ஆராய்ச்சியாளர்கள் அதை வைத்தே அடையாளம் காண்கிறார்கள் என்று பின்னாளில் படித்தேன்.

“உடம்பு சரியில்லையோ?” என்றாள் அம்மா.

“நாளுக்கு இருபது மணி நேரம்கூடத் தூங்கும்மா. வயிறு நெறஞ்சா அதுக்கு வேற வேலை இல்ல.”

பெரியப்பாவுக்கு ஏமாற்றம். எனக்கு இல்லை. கர்ஜிக்கும் சிங்கத்தை எந்த சினிமாவிலும் பார்த்துவிடலாம். எட்டு கிலோமீட்டருக்குக் கேட்கும் குரலை அடக்கிக்கொண்டு கைக்கெட்டும் தூரத்தில் வயிறு ஏறி இறங்கக் கிடப்பதை அங்கேதான் பார்த்தேன். ஆசியச் சிங்கம் காட்டில் சுதந்திரமாகத் திரிவது இன்று குஜராத்தில் மட்டுமே. 2025 கணக்கெடுப்பில் 891.

பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் சிங்கம் புதருக்குள் ஒதுங்கிவிடும். செவ்வாய்க்கிழமை விடுமுறை.