மழையில் பிறந்த குட்டிகள்

கொழிஞ்சாம்பாறைக்கு அருகே சிறிய பன்றிப் பண்ணை ஒன்றை நடத்தும் அக்காவிடம், போன வாரம் சென்று மன்னிப்புக் கேட்டேன்.

2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டின் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது. மலைத்தொடர் இங்கே கணவாயாகத் திறந்துகிடப்பதால், கோடை தொடங்கும் முன்னரே கிழக்கிலிருந்து வறண்ட காற்று வந்துவிடும். அக்காவின் கொட்டிலில் மூன்று தாய்ப்பன்றிகள் சினையாக இருந்தன. அவை தம் சிறுநீரிலேயே புரண்டு கிடந்ததைக் கண்டு முகம் சுளித்தவர்கள் உண்டு. வியர்த்து உடலைக் குளிர்விக்கப் பன்றிக்கு இயலாது. ஈரத்தில் புரள்வதும் மூச்சிரைப்பதுமே அதற்குள்ள வழிகள்.

ஜூனில் மழையோடு குட்டிகள் பிறந்தன. எண்ணிக்கையில் குறைவில்லை. பிறப்பு எடையைக் குறித்துக்கொண்டு, “கோடையைத் தாண்டிவிட்டீர்கள் அக்கா” என்று சொல்லித் திரும்பினேன். டிசம்பரில் இறைச்சிக் கடைக்காரர் கொழுப்பு மிகுதி என்று விலையைக் குறைத்தார். உணவகக் கழிவைக் கூடுதலாகப் போட்டிருப்பீர்கள் என்றேன் நான். “எப்பவும் போடறதத்தான் போட்டேன் கண்ணு” என்றார். நான் நம்பவில்லை.

பிறகுதான், அமெரிக்காவில் மிசௌரி, அயோவா மாநிலப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் செய்த ஆய்வுகளை ஊன்றிப் படித்தேன். தாயின் வயிற்றிலேயே வெப்பத்தைத் தாங்கிய குட்டிகளுக்குப் பிறந்த பின்னும் உடல்வெப்பம் சற்றுக் கூடுதலாக இருந்தது. வளர்ச்சியின் கடைசிக் கட்டத்தில் தசை குறைந்து கொழுப்பு மிகுந்தது. பன்றியின் சினைக்காலம் 114 நாட்கள். ஜூனில் பிறந்த குட்டி மார்ச், ஏப்ரல் முழுவதும் கருவில் இருந்திருக்கிறது. இந்த எளிய கழித்தல் கணக்கை, இதையே ஆய்வுப்பொருளாகக் கொண்ட நான் போட்டுப் பார்க்கவில்லை.

ஒரு கொட்டிலைக் கொண்டு எதையும் நிறுவிவிட முடியாது. தீவனமும் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் நான் வேறு எதையும் எண்ணிப்பார்க்காமல் அக்காவைக் குற்றவாளியாக்கினேன். இப்போது ஒப்பீட்டுக்காக இடுக்கியில், குமுளிப் பக்கத்துப் பண்ணைகளிலும் அளவெடுக்கிறேன். (அங்கே குளிர்தானே என்பவர்களுக்கு: அதே 2024 கோடையில் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள் கருகின.)

அக்கா சினைப்பன்றிகளின் கழுத்தருகே சொட்டுநீர்க் குழாய் கட்டியிருக்கிறார். ஈன்ற கொட்டிலில் அதற்கும் கவனம் வேண்டும். தாய்க்கு 20 டிகிரி சுகம். பிறந்த குட்டிக்கோ 32 டிகிரிக்கு மேல் வேண்டும். தாயை நனைக்கும் நீர் குட்டியைக் குளிரால் கொன்றுவிடலாம்.

“இணை சேர்ப்பதையே ஜூனுக்குத் தள்ளிவையுங்களேன்” என்றேன். அவர் சிரித்தார். ஜூனில் பிறந்தால்தான் ஆறு மாதத்தில் எடை ஏறி, இறைச்சிக்கு நல்ல விலை கிடைக்கும் நாளுக்கு ஆயத்தமாகும்.

“கிறிஸ்துமஸ யாரு கண்ணு தள்ளி வெப்பா?”