சுக்தோல் என்னும் சிற்றூர்

கல்லூரியிற் சேர்ந்த புதிதில், "உங்கள் ஊர் எது?" என எவரேனும் வினவின், நாம் நம் ஊர்ப்பெயரை உரைப்பதில்லை, அதற்கு அணித்தாயுள்ள நகரின் பெயரையே உரைத்து வந்தோம். சிற்றூரை யார் அறிவார் என்னும் நாணமே காரணம். அந்நாணத்தைப் போக்கியது, சபைச் சரித்திரம் படிக்கையில் நாம் கண்ட மற்றொரு சிற்றூர்.

செக் நாட்டின் கிழக்கில், மொராவியாவில், ஓடர் ஆற்றருகே உள்ளது சுக்தோல். ஜெர்மானியர் அதனைச் சௌக்தெந்தால் என்பர். 1457-ஆம் ஆண்டிற் பொஹீமியாவில் தோன்றிய சகோதரர் சபை அப்பகுதியிலும் வேரூன்றியிருந்தது. கல்வியறிஞர் கொமேனியஸ், 1618 முதல் 1621 வரை அருகிலுள்ள புல்னெக் நகரில் அச்சபையின் போதகராகவும் ஆசிரியராகவும் விளங்கினார். 1620-இல் நிகழ்ந்த வெள்ளைமலைப் போரிற் சீர்திருத்தக் கட்சியினர் தோற்றனர், சபை தடைசெய்யப்பெற்றது. எனினும், சுக்தோல் மக்களுட் சிலர் நூறாண்டுக் காலம் முன்னோர் நம்பிக்கையைத் தம் இல்லங்களில் மறைவாகப் போற்றினர்.

1724-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஐந்து இளைஞர் வீட்டையும் சுற்றத்தையும் துறந்து இரவிற் புறப்பட்டுச் சாக்சனி நாட்டிலுள்ள ஹெர்ன்ஹூட்டை அடைந்தனர். ஐவருள் மூவர்க்கு டேவிட் நிட்ஷ்மன் என்பதே பெயராம்! அவருள் தச்சராகிய ஒருவர், 1732-இல் மேற்கிந்தியத் தீவின் அடிமைகளிடம் நற்செய்தி கொண்டு சென்ற இருவருள் ஒருவரானார். அவ்வூரில் 1721-இற் பிறந்த டேவிட் சைஸ்பெர்கர், அமெரிக்கப் பழங்குடியினராகிய டெலவேர் மக்களிடையே வாழ்ந்து, அவர்தம் மொழி கற்று, 1776-இல் அம்மொழிக்கு எழுத்துக்கூட்டு நூலொன்று வெளியிட்டார். தமிழ் பயிலும் நமக்கு இச்செய்தி பெரிதும் இனித்தது. 1760-இல் நம் தரங்கம்பாடிக்கு வந்த மொராவிய சகோதரரும் ஹெர்ன்ஹூட் சபையினரே.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், 1945, 1946-ஆம் ஆண்டுகளில், சுக்தோலின் ஜெர்மன் மொழியாளரும் வெளியேற்றப்பெற்றனர். செக் மக்கள் குடியேறினர். இன்று அவ்வூரில், மொராவிய சகோதரர் நினைவாக ஓர் அருங்காட்சியகம் உள்ளது. இஃது எண்ணுந்தோறும் நம் உள்ளம் உருகும். பின்னர் வந்து குடியேறியோர், தமக்கு உறவல்லாதாரின் பெயரையும் மறவாது காக்கின்றனர். நாமோ, நம் பாட்டனார் உழுத ஊரின் பெயரையும் உரைக்க நாணினோம்!

இப்பொழுது எவர் வினவினும் நம் ஊர்ப்பெயரையே முதலில் உரைக்கின்றோம். அதன் வரலாற்றை எழுதினார் எவருமிலர். வரும் விடுமுறையில், திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியோரைக் கேட்டு எழுதத் தொடங்குவோம்.