கொடுமுடி முதல் கடல் வரை

மேட்டூரிலிருந்து தெற்கு நோக்கி ஓடிவரும் காவிரி, கொடுமுடிக்கு வந்ததும் கிழக்கே திரும்புகிறாள். அங்கிருந்து அவளுக்குக் கடல் ஒன்றே குறி. மகுடேசுவரர் ஆலயமும், அதனுள் நிற்கும் பழைய வன்னி மரமும், கே. பி. சுந்தராம்பாள் பிறந்த ஊர் என்னும் பெருமையும் கொடுமுடியைத் தமிழகம் எங்கும் அறியச் செய்துள்ளன. இக்கரையில் வாழும் நம் பங்குக் குடும்பங்களுக்குக் காவிரி வேறொன்றையும் நினைவூட்டுகிறது. ஆறு செல்லும் திசையிலேயே சென்றால் ஆரோக்கிய அன்னையின் திருத்தலத்தை அடையலாம். உற்றார் உறவினர் கூடி, வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் போய்வருவது பல குடும்பங்களில் வழக்கம். அந்தப் பயணத்தை எவ்வாறு திட்டமிடுவது நலம் என்பதையே இங்குக் கூற விழைகின்றோம்.

முன்னாளில் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு தொலைவிலுள்ள திருவிழாக்களுக்குச் சென்றவர்கள், அரிசி பருப்பையும் அடுப்புக்கு வேண்டிய விறகையும் வண்டியிலேயே ஏற்றிச் சென்றனர். மாடு களைத்தால் வண்டி நின்றது. மாட்டை அவிழ்த்து, தண்ணீர் காட்டி, தீவனம் போட்ட பின்னரே மறுபடியும் பூட்டினார்கள். அந்த இடைவேளையில் மனிதரும் உண்டு உறங்கினர். இன்றைய வேனுக்குக் களைப்பு என்பதே கிடையாது. அதை ஓட்டுபவரின் களைப்போ பின்னிருக்கையில் உறங்குபவர்களின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இன்று பெரும்பாலோர் வகுக்கும் திட்டம் என்ன? சனிக்கிழமை இரவு உணவு முடித்துப் புறப்படுவது, விடியலில் கடலில் நீராடித் திருப்பலி காண்பது, பகலில் கடைவீதி, மாலையில் திரும்புவது. விடுதிச் செலவு மிச்சம், விடுமுறை நாளும் மிச்சம் என்று கணக்கிடுகின்றனர். ஆனால் இரண்டு இரவுகள் ஒரு மனிதர் கண் விழித்து ஓட்ட வேண்டும் என்பது அந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை. பின்னிரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே உடல் தானாகவே உறக்கத்தை நாடும். தேநீரும் பாட்டும் அதைச் சற்று ஒத்திவைக்கலாமே ஒழிய, நீக்கிவிட முடியாது.

இது குறித்துச் சட்டமும் தெளிவாகப் பேசுகிறது. ஓட்டுநரின் வேலை பொதுவாக நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்தைத் தாண்டலாகாது என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்காமல், குறைந்தது அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றும் அது விதித்தது. வாடகை வாகனம் ஓட்டுவோருக்கும் இந்த நேர வரம்பு பொருந்தும் என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. ஆகவே, ஓட்டுநருக்கு ஓய்வளிப்பது நாம் காட்டும் சலுகை ஆகாது. அவருக்குரிய உரிமை அது.

உலகின் வட கோடியில் ஐஸ்லாந்து என்றொரு தீவு நாடு உண்டு. மக்கள் தொகை நான்கு இலட்சத்திற்கும் குறைவு. அத்தீவைச் சுற்றி வரும் வட்டச் சாலை 1974ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அதன் நீளம் ஏறத்தாழ 1,320 கி.மீ. படுக்கையும் அடுப்பும் பொருத்திய 'கேம்பர்வேன்' என்னும் வண்டியில் குடும்பம் குடும்பமாகச் சென்று அதைச் சுற்றுவது அங்கே பெரிதும் விரும்பப்படும் பயணம். வண்டியே வீடு என்பதால் நினைத்த இடத்தில் நிறுத்தி உறங்கலாம் என்று நாம் எண்ணுவோம். உண்மை அவ்வாறில்லை. நில உரிமையாளரின் அனுமதியின்றி, அதற்கென அமைந்த முகாம்களுக்கு வெளியே இரவில் வண்டியில் தங்குவதை 2015ஆம் ஆண்டு முதல் அந்நாட்டுச் சட்டம் தடுத்துள்ளது. காற்று அங்கே வண்டிக் கதவையே வளைத்துவிடும் வேகத்தில் வீசும். உள்நாட்டு மலைப் பாதைகள் குளிர்காலம் முழுவதும் மூடிக் கிடக்கும். டிசம்பர் நடுவில் பகல் வெளிச்சம் நான்கு மணி நேரமே. ஆதலால் அங்குச் செல்வோர், இன்றிரவு எங்கே தங்குவது என்பதை முதலில் முடிவு செய்து, அதற்கேற்பப் பகலை வகுக்கின்றனர். எட்டு நாளில் சுற்றினால் நாளொன்றுக்கு 165 கி.மீ. அளவே ஓட்ட நேரும்.

நம் காவிரிக்கரைப் பயணத்தையும் இம்முறையில் வகுக்கலாம். கொடுமுடியிலிருந்து ஆற்றை ஒட்டிச் சென்று, கடற்கரை வழியாக வேளாங்கண்ணியை அடைந்து, தஞ்சை வழியே திரும்பினால் மொத்தம் ஏறக்குறைய 600 கி.மீ. ஆகும். நான்கு நாள்கள் இதற்குப் போதும்.

முதல் நாள் காலையில் சிற்றுண்டி முடித்துப் புறப்படலாம். நொய்யல் ஆறு காவிரியில் கலக்கும் இடத்தைக் கடந்து, கரூர், மாயனூர் கதவணை, குளித்தலை வழியாகச் சாலை செல்லும். முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. அங்குள்ள மேலணை 1830களில் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டப்பட்டது. பழைய கொள்ளிடம் மதகுகளில் ஒரு பகுதி 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்தில் இடிந்து விழுந்தது. பிறகு திருச்சி, கல்லணை. இரவுத் தங்கல் பூண்டி மாதா திருத்தலம். வீரமாமுனிவரின் பெயரோடு இணைந்த தலம் அது. மொத்தம் ஏறத்தாழ 150 கி.மீ.

இரண்டாம் நாள் திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார். கொடுமுடியில் அகன்று புரளும் காவிரி, இங்கே ஒரு சிறு வாய்க்காலைப்போல் ஒடுங்கிக் கடலில் கலக்கிறாள். வழியெல்லாம் வயல்களுக்கு நீரைக் கொடுத்துக்கொண்டே வந்ததால் நேர்ந்த மெலிவு அது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டி விளக்குவது ஒரு பாடமாகும். அன்றிரவு தரங்கம்பாடி.

தரங்கம்பாடிக்கும் மேலே கூறிய ஐஸ்லாந்துக்கும் ஓர் உறவு உண்டு. 1620ஆம் ஆண்டில் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரிடம் உரிமை பெற்று, டென்மார்க் நாட்டவர் அங்கே டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினர். அந்நாளில் ஐஸ்லாந்து டென்மார்க் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. யோன் ஓலாஃப்சன் என்னும் ஐஸ்லாந்துக்காரர் 1622ஆம் ஆண்டில் கப்பலேறி வந்து, இக்கோட்டையில் வீரராகப் பணியாற்றினார். வெடிமருந்து வெடித்துக் காயமுற்ற அவர் தாயகம் திரும்பி, முதுமையில், 1661ஆம் ஆண்டில் தம் வரலாற்றை எழுதி வைத்தார். காவிரி முடியும் கரையில் நின்ற ஒருவர், உலகின் மறுகோடியில் அமர்ந்து அதை நினைத்து எழுதியிருக்கிறார். கோட்டைச் சுவரருகே நிற்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடச் சுவையான செய்தி வேண்டுமா?

மூன்றாம் நாள் பயணம் 50 கி.மீ. அளவே. காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் கடந்து நண்பகலுக்குள் வேளாங்கண்ணி. அன்று முழுவதும் ஓட்டுநருக்கும் ஓய்வு. 1962ஆம் ஆண்டில் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட அப்பேராலயத்தில் அவசரமின்றிச் செபிக்கலாம். நான்காம் நாள் காலைத் திருப்பலிக்குப் பின் புறப்பட்டு, திருவாரூர், தஞ்சாவூர், திருச்சி வழியாக, நடுவே உணவுக்கு நன்றாக நின்று வந்தாலும், விளக்கு வைக்கும் நேரத்திற்குள் கொடுமுடியை அடைந்துவிடலாம். நால்வகைத் தூரத்திலும் இதுவே பெரிது. ஏறத்தாழ 260 கி.மீ.

காலத்தைத் தேர்வதும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாப் பகுதியில் மழையும் புயலும் மிகுதி. சித்திரை வெயிலில் முதியோர் தாங்கமாட்டார்கள். ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியில் விழாக் கூட்டம் அலைமோதும். தை மாதம் வானம் தெளிந்திருக்கும். ஆனால் நம் பக்கத்தில் மஞ்சள் வெட்டும் கரும்பு வெட்டும் அப்போதுதான் வரும். ஆகவே ஆள் கிடைக்கும் நாளைப் பார்த்து முன்னரே முடிவு செய்யுங்கள். தஞ்சைப் பகுதியில் அறுவடைக் காலமாதலால், சாலையோரங்களில் நெல் உலர்த்தியிருப்பார்கள். இருட்டில் வேகமாகச் செல்வதற்கு இதுவும் ஒரு தடை.

சமையலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 26 அன்று, மதுரை இரயில் நிலையத்தில் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பற்றியது. லக்னோவிலிருந்து வந்த பயணிகளில் ஒன்பது பேர் மாண்டனர். விதியை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த எரிவாயு உருளையே காரணம். வேனுக்குள்ளும் இதே ஆபத்து உண்டு. முதல் நாளுக்குக் கட்டுச்சோறும் எள்ளுருண்டையும் போதும். மற்ற வேளைகளில் உணவு விடுதிகளிலோ, தங்கும் இடங்களில் சமைக்க வசதியிருந்தால் அங்கேயோ பார்த்துக்கொள்ளலாம்.

கைபேசியின் வரைபடம் ஆறு மணிப் பயணம் என்று காட்டும். பாட்டி இறங்கி ஏறும் நேரமும், குழந்தை வாந்தியெடுக்கும் நேரமும் அதற்குத் தெரியாது. காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களின் மாத்திரைகளைக் கூரைமேல் கட்டும் மூட்டையில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். ஆற்றில் நீர் அமைதியாகத் தோன்றினாலும் மணலடியில் குழிகள் இருக்கலாம். உள்ளூரார் குளிக்கும் துறையிலன்றி வேறிடத்தில் இறங்க வேண்டாம். வாடகை வண்டிக்குரிய அனுமதியும் காப்பீடும் உள்ளனவா, காரைக்கால் புதுவை ஆட்சிக்கு உட்பட்டதாகையால் அங்கு நுழைய அனுமதி உண்டா என்பவற்றைப் புறப்படும் முன்பே உரிமையாளரிடம் கேட்டறியுங்கள்.

மூன்று இரவு விடுதிச் செலவு கூடுகிறதே என்று சிலர் தயங்கலாம். இருபது பேர் கொண்ட வேனில் அதைப் பங்கிட்டுப் பாருங்கள். பெரிய தொகையாகத் தோன்றாது. இயலாதவர்கள் பூம்புகாரையும் தரங்கம்பாடியையும் விட்டுவிட்டு மூன்று நாளில் முடிக்கலாம். இடங்களைக் குறைக்கலாம், உறக்கத்தைக் குறைக்க வேண்டாம். தங்கும் இடங்களில் அறை கேட்கும்போது ஓட்டுநருக்கும் ஒரு கட்டிலைக் கேளுங்கள். அவரும் ஒரு குடும்பத்தின் தலைவரே. அவர் வீட்டிலும் பிள்ளைகள் வழிபார்த்திருப்பார்கள். நம் செபமாலையில் அவருக்காகவும் ஒரு மணி உருளட்டும்; அத்தோடு, இரவில் அவர் நிம்மதியாகத் தூங்குகிறாரா என்றும் பார்த்துக்கொள்வோமாக.