முக்கியம் என்றால், யாருக்கு?

அமெரிக்கக் கால்பந்துக்கு மிக முக்கியமான ஆட்டக்காரர் யார்? அந்நாட்டு ரசிகர்கள் கூடும் இடங்களில் இவ்வினா எழாமல் இராது. மூத்தவர் ஒருவர் பெலே என்பார். அடுத்திருப்பவர் மியா ஹாம் என்பார். இளையவர் இடைமறித்து மெஸ்ஸி என்பார். விடிய விடிய வாதிட்டாலும் முடிவு கிட்டுவதில்லை. குறை வாதிடுவோரிடம் இல்லை, வினாவிலேயே இருக்கிறது.

'சிறந்தவர்' என்ற சொல் தனித்து நிற்கவல்லது. 'முக்கியமானவர்' அவ்வாறன்று; அது நான்காம் வேற்றுமையை வேண்டி நிற்கும் சொல். யாருக்கு, எதற்கு என்று தெரியாதவரை அதன் பொருள் நிறைவதில்லை. 'அமெரிக்கக் கால்பந்துக்கு' என்பதில் அந்தக் 'கு' உருபு இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் அந்தத் தொடருக்குள் பார்வையாளர், முதலாளி, ஆடுபவர் என மூவர் ஒளிந்திருக்கின்றனர். ஒருவருக்கு முக்கியமானவர் மற்றவருக்கும் முக்கியமானவராக இருக்கவேண்டும் என்பதில்லை.

பார்வையாளருக்கு என்றால் விடை பெலே. மூன்று உலகக் கோப்பைகளை வென்ற அவர், 1975இல் தம் 34ஆம் வயதில் நியூயார்க் காஸ்மாஸ் அணியில் சேர்ந்தார். 1977 ஆகஸ்டில் ஜயண்ட்ஸ் விளையாட்டரங்கில் நடந்த ஓர் ஆட்டத்துக்கு 77,691 பேர் திரண்டனர். கால்பந்தைப் பொருட்படுத்தாத நாட்டில் அது வியப்புக்குரிய எண்ணிக்கை. அதே ஆண்டு அக்டோபரில், காஸ்மாஸுக்கு ஒரு பாதியும் தம் பழைய சான்டோஸ் அணிக்கு ஒரு பாதியும் ஆடி அவர் விடைபெற்றார். 1984ஆம் ஆண்டுப் பருவத்தோடு அந்த லீக்கே மறைந்தது. பெலேவுக்காக வந்தவர்களுள் ஆட்டத்துக்காகத் தங்கியவர்கள் அதைக் காப்பாற்றப் போதவில்லை.

முதலாளிகளுக்கு என்றால் விடை டேவிட் பெக்காம். மேஜர் லீக் சாக்கர் 1996இல் பத்து அணிகளுடன் தொடங்கியது. ஊதிய உச்சவரம்பைக் கண்டிப்பாகக் காத்துவந்தது. 2007இல் பெக்காமுக்காகவே அவ்வரம்பைத் தளர்த்தி ஒரு விதி பிறந்தது. பின்னாளில் 2.5 கோடி டாலருக்கு ஓர் அணியை வாங்கிக்கொள்ளும் உரிமையும் அவருடைய ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. அவ்வுரிமையிலிருந்து முளைத்ததே இன்டர் மயாமி. அந்த அணிக்குத்தான் 2023இல் மெஸ்ஸி வந்தார். ஓர் ஒப்பந்த வரி பதினாறு ஆண்டுகள் கழித்து இப்படிக் கனிந்தது.

இவ்விருவர் பெயரும் எழும் அவைகளில் ஜோ கேட்ஜென்ஸ் பெயர் அரிதாகவே எழும். ஹெய்ட்டியில் பிறந்தவர்; நியூயார்க்கில் கணக்கியல் படித்துக்கொண்டே ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவியவர். 1950 ஜூன் 29 அன்று, பிரேசிலின் பெலோ ஓரிசாண்டே நகரில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில் அமெரிக்கா இங்கிலாந்தை 1–0 என்று வென்றது. வால்டர் பார் உதைத்த பந்தைத் தலையால் திருப்பி அந்த ஒற்றைக் கோலை அடித்தவர் கேட்ஜென்ஸ். அப்போது அவர் அமெரிக்கக் குடிமகனும் அல்லர்.

நான்காம் வேற்றுமைக்கு நன்னூல் கூறும் பொருள்களுள் முதலாவது கொடை. கொடை எனில் கொடுப்பவரோடு பெறுபவரும் வேண்டும். 1950இல் அந்தக் கோலைப் பெற்றுக்கொள்ள அமெரிக்காவில் ஆளில்லை. வென்ற அணி வீடு திரும்பியபோது வரவேற்க ஊர் திரளவில்லை. கேட்ஜென்ஸ் சில காலம் பிரான்சில் ஆடிவிட்டுத் தாயகம் திரும்பினார். 1964 ஜூலை 8 அன்று டுவாலியரின் அடியாட்கள் அவரைப் பிடித்துச் சென்றனர். அதன்பின் அவரை யாரும் காணவில்லை, உடலும் கிடைக்கவில்லை. 1976இல் அமெரிக்கக் கால்பந்து தன் புகழரங்கில் அவர் பெயரைச் சேர்த்தது.

எஞ்சுவது ஆடுபவர். ஆடுபவருக்கு என்றால் விடை மியா ஹாம். கல்வி நிலையங்களில் பெண்களுக்குச் சமவாய்ப்பை உறுதிசெய்த 'டைட்டில் நைன்' சட்டம் 1972இல் வந்தது. ஹாம் பிறந்ததும் அதே ஆண்டில். அப்போது உயர்நிலைப் பள்ளிகளில் கால்பந்து ஆடிய பெண்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. பின்னாளில் அந்த எண்ணிக்கை மூன்று இலட்சத்தைக் கடந்தது. கதவைத் திறந்தது சட்டம்தான். ஆனால் திறந்த கதவின் வழியே நுழைய ஒரு சிறுமிக்கு முன்னே நடந்துசெல்லும் ஒருத்தி தென்படவேண்டும். 15 வயதில் நாட்டுக்காக ஆடத் தொடங்கி 158 கோல்கள் அடித்த ஹாமே அவ்வாறு தென்பட்டவர்.

1999 ஜூலை 10 அன்று ரோஸ் பவுல் அரங்கில் சீனாவுக்கு எதிரான இறுதியாட்டத்தை 90,185 பேர் கண்டனர். வெற்றியை முடிவுசெய்த பெனால்டியை அடித்தவர் பிராண்டி சாஸ்டெய்ன்; சீனத்தின் ஓர் உதையைத் தடுத்து அதற்கு வழிசெய்தவர் பிரியானா ஸ்கரி. ஹாமைப் பற்றிய எந்த வாதமும் இவர்களை விட்டுவிட்டு நேர்மையாக முடியாது. அந்த அலையில் எழுந்த பெண்கள் லீக் மூன்றே பருவங்களில், 2003இல், மூடப்பட்டது உண்மை. பெலேவின் லீக்குக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது. ஆனால் இம்முறை ஆடுபவர்கள் மிஞ்சினர்.

அவ்வாறு மிஞ்சிய தலைமுறைதான் வினாவையே திருப்பிப் போட்டது. 2019 மார்ச் 8 அன்று தேசிய அணியின் 28 பெண்கள் ஊதியச் சமத்துவம் கோரித் தங்கள் கால்பந்துக் கூட்டமைப்பின் மீது வழக்குத் தொடுத்தனர். கால்பந்துக்கு நாங்கள் யார் என்று கேட்டது போதும், எங்களுக்குக் கால்பந்து என்ன தருகிறது என்பதே அவ்வழக்கின் சாரம். 2022இல் 2.4 கோடி டாலர் இணக்கமும், ஆண், பெண் அணிகளுக்குச் சம ஊதிய ஒப்பந்தமும் வந்தன.

ஆகவே யார் முக்கியம் என்று வாதிடுவோர் ஒரு பெயரைச் சொல்லுமுன் 'யாருக்கு' என்பதையும் சொல்லட்டும். சொன்னபின், அவருக்கு நாம் என்ன கொடுத்தோம் என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும். 28 பெண்கள் அக்கேள்வியைத் தாமே கேட்டு விடை பெற்றனர். கேட்ஜென்ஸுக்கு அதைக் கேட்கும் வாய்ப்பே அமையவில்லை.