கீழ்த் தொட்டியில் விடவேண்டிய இடம்

கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் வீடுகளுக்கு நிலவறை இருப்பது வழக்கமாகையால், பவளமும் மீனும் வாழும் கடல்நீர்த் தொட்டியைக் கூடத்தில் வைத்து, இரைச்சலும் ஈரமும் மிகுந்த நுரைக் கருவி, சூடேற்றி, மோட்டார் ஆகியவற்றை ‘சம்ப்’ என்னும் கீழ்த் தொட்டியில் சேர்த்து நிலவறையில் அமைத்துக்கொள்ளும் சௌகரியம் அங்குள்ளவர்களுக்கு வாய்த்திருக்கிறது. அவ்விதமே நெடுங்காலமாக ஒரு தொட்டியைப் பராமரித்து வரும் நான், எவ்வளவு பெரிய சம்ப் வாங்கலாம் என்று கேட்கும் நண்பர்களிடம், அது எவ்வளவு ஜலம் கொள்ளும் என்பதைக் காட்டிலும், அதில் எவ்வளவு இடம் காலியாக நிற்கும் என்பதையே முதலில் கணக்கிடச் சொல்வது வழக்கம்.

மின்சாரம் நின்றால் மோட்டார் ஓய்ந்துவிடும். ஜலம் உடனே ஓய்வதில்லை. மேல் தொட்டியின் மட்டம் வழிவாயின் விளிம்புவரை தாழும் மட்டும், நீரேற்றும் குழாயின் வாய் அதற்கும் கீழே அமிழ்ந்திருந்தால் அது வெளிப்பட்டுக் காற்றை உறிஞ்சும் மட்டும், நீர் இறங்கிக்கொண்டே இருக்கும். 120 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் மட்டம் 5 சென்டிமீட்டர் தாழ்ந்தால் 36 லிட்டர் கீழே வரும். குழாய்களில் நின்ற நீரும் அதனோடு சேரும். பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வு இருக்கிறதே என்பார்கள். சுண்ணம் படிந்து அது மூடாமற்போவது சகஜமாதலால், அதை நம்பி இடத்தைக் குறைப்பது விவேகமன்று.

இனி, நிலவறையில்தான் இடம் தாராளமாயிற்றே என்று, தடுப்பு ஏதுமில்லாத 300 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியை வாங்கி அதன் அடியில் மோட்டாரை வைத்துவிடுவோரும் உண்டு. வடிகுழாயில் ஒரு நத்தை சிக்கி அடைத்துக்கொண்டால், அந்த மோட்டார் ஏறக்குறைய அவ்வளவு நீரையும் மேலேற்றிக் கூடத்துத் தரையில் கொட்டிவிடும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. ஆகவே தடுப்பினால் பிரித்த சிறிய அறையில் மோட்டாரை வைத்து, அவ்வறையின் நீர் முழுவதும் மேலேறினாலும் மேல் தொட்டியின் விளிம்புக்குள் அடங்கும்படி அதன் அளவை நிர்ணயிக்க வேண்டும். சிறிய அறையில் ஆவியாதலால் மட்டம் விரைவில் தாழும், உப்போ ஆவியாவதில்லை, எனவே குறைந்த அளவுக்கு நன்னீரைத் தானே விடும் கருவி இன்றியமையாதது. நுரைக் கருவிக்கு நீரின் ஆழம் மாறலாகாது. அதற்கும் தடுப்பே துணை.

மோட்டாரின் பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பவேண்டாம். நிலவறையிலிருந்து கூடத்துக்குச் சுமார் 3 மீட்டர் உயரம். 3 மீட்டரே உச்ச வரம்பாகக் கொண்ட மோட்டார் அவ்வுயரத்தில் ஒரு சொட்டும் தராது. 400 லிட்டர் தொட்டிக்கு, மேலே சென்றடையும் நீர் மணிக்கு 1,200 முதல் 2,000 லிட்டர் இருந்தாற் போதுமானது. தொட்டி கண்ணாடியாயினும் அக்ரிலிக்காயினும் பாதகமில்லை. ஆனால் செம்பும் பித்தளையும் உப்புநீரில் படவே கூடாது. செம்பு பவளத்துக்கும் இறாலுக்கும் விஷம். நிலவறையின் ஈரக்காற்றை வெளியேற்ற விசிறி ஒன்றும் அவசியம்.

உப்பையும் உயிர்களையும் சேர்க்குமுன், தொட்டிகளை வெறும் நன்னீரால் நிரப்பி ஓடவிட்டு, ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள். மறுமுறை வடிகுழாயை அடைத்துப் பாருங்கள். இரண்டிலும் தரை நனையாதிருந்தால், ஓடும்போது சம்பில் நீர் நிற்கும் மட்டத்தை ஒரு கோடிட்டுக் குறித்துவிட்டு, அதற்கு மேல் ஒருபோதும் நிரப்பாதிருங்கள்.