உப்புத் தண்ணீர்

என் மகன் வேலைக்காகக் கடல் கடந்து போனபோது ஒரு சின்னக் கடலை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். கூடத்தில் 200 லிட்டர் கண்ணாடித் தொட்டி. அதில் இரண்டு கோமாளி மீன்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் கடலுப்பு. தண்ணீர் ஆவியாகும், உப்பு போகாது. ஆகவே தினமும் நல்ல தண்ணீர் விட்டு, அடர்த்தி 1.025-ல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வருஷம் பார்த்தேன். அப்புறம் முழங்கால் மறுத்துவிட்டது.

கொளத்தூர் மீன் கடைக்காரர் கோமாளிகளை வாங்கிக்கொண்டார். "பவள மணலையும் கல்லையும் எடுத்துடுங்க ஸார். கல்லுக்குள்ளே இருக்கிற உயிரெல்லாம் நல்ல தண்ணியிலே செத்து அழுகிடும்" என்றார். இத்தனை நாள் அதை வெறும் கல் என்றே நினைத்திருந்தேன். அதையும் ஈரம் காயாமல் அவரிடமே சேர்த்தேன்.

தொட்டியைக் கழுவி, ஆற்று மணல் பரப்பி, எங்கள் கிணற்று நீரை ஊற்றினேன். மீன் கழிவின் நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்கள் புதிதாகப் பெருக வேண்டுமாம். தினம் ஒரு சிட்டிகை தீனி தூவி, ஐந்து வாரம் மீனில்லாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் என்ன நினைத்தார்களோ! பிறகு ஆறு கப்பி, நாலு கறுப்பு மோலி. சென்னையின் கடின நீர் இவற்றுக்குச் சர்க்கரைப் பொங்கல். அதிலும் மோலி கெட்டிக்காரப் பிராணி. மெல்லப் பழக்கினால் கடல் நீரிலும் பிழைத்துக்கொள்ளும், என் மகனைப்போல.

இப்போது வாரத்துக்கு இரண்டு வாளி தண்ணீர் மாற்றுவதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை மகன் பேசினான். "அப்பா, கோமாளிங்க எப்படி இருக்கு?"

"சௌக்கியமா இருக்குடா" என்றேன். பொய்யில்லை. கடைக்காரர் அவற்றை விற்காமல் வாசல் தொட்டியில் வைத்திருக்கிறார். முந்தின நாள்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.