சொல்லாமல் மறைத்த குளிசை

ஐயாவின் வயிற்றில் மறுபடி இரத்தம் கசிந்ததற்கு நானே காரணம். விதியையும் வயதையும் இழுக்க எனக்கு உரிமையில்லை.

கொழும்பில் அவருடைய இரைப்பையிலிருந்த கட்டியைக் கமராக் குழாய் விட்டு எடுத்தார்கள். ஆரம்ப நிலைப் புற்றுநோய். சளிச்சவ்வுக்கு அடியில் திரவம் ஏற்றி, கட்டியை மேலே எழுப்பி, சிறு மின்கத்தியால் சீவி எடுப்பது இந்த முறை, யப்பானியர் வளர்த்தெடுத்தது. வெளியே கீறல் இல்லை. உள்ளே, கட்டியிருந்த இடத்தில், அதைவிடப் பெரிய புண். ஆற எட்டுக் கிழமை வரை செல்லும் என்றார் டொக்டர். அதுவரை அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்பிரசோல் தவறக்கூடாது. நோக்குளிசை கூடவே கூடாது. மலம் கறுத்தால் உடனே வரவேண்டும்.

நான் விஞ்ஞானம் படிப்பித்தவன். இரைப்பைப் புண்ணுக்குக் கிருமி காரணம் என்று காட்டி 2005இல் நோபல் பரிசு வாங்கிய மார்ஷல், வொரன் கதையை, மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்ததை, வகுப்பில் ருசித்துச் சொன்னவன். அந்தத் திமிரில் டொக்டர் தந்த தாளைத் திரும்ப வாசிக்கவில்லை.

வேலணைக்கு வந்ததும் ஐயா நன்றாகச் சாப்பிட்டார். வயிற்று நோ இல்லை. ஆகவே புண் ஆறிவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். ஒமெப்பிரசோல் முடிந்தபோது பார்மசிக்குப் போகப் பஞ்சிப்பட்டேன். முழங்கால் உளைகிறது என்று ஐயா முனகினார். மேசை லாச்சியில் கிடந்த டைக்ளோபினாக்கை எடுத்துக் கொடுத்தேன். மூட்டு உளைவைத் தணிக்கும் அதே குளிசை, இரைப்பைச் சுவரின் காவலையும் குலைக்கும்.

"இது குடிக்கலாமோ தம்பி?" என்று கேட்டார்.

"நான் சொல்லுறன், குடியுங்கோ ஐயா."

சில நாளில் மலம் தார்க் கறுப்பாகப் போகிறது என்றாள் மனைவி. கீரை தின்றால் அப்படித்தான் என்று அவள் வாயை அடைத்தேன். அடுத்த இரவு ஐயா கிணற்றடியில் மயங்கி விழுந்தார். பக்கத்து வீட்டுப் பொடியனின் ஓட்டோவில் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போனோம். இரத்தம் ஏற்றினார்கள். மறுபடி குழாய் விட்டு, கசிந்த நாளத்துக்குக் கிளிப் போட்டார்கள். தங்கச்சி சம்பளத்தை விட்டுவிட்டு வாட்டிலேயே கிடந்தாள்.

இதுவரை சொன்னது அலட்சியம். இனிச் சொல்வது கோழைத்தனம்.

"நோக்குளிசை ஏதும் குடுத்தனீங்களோ?" என்று வாட்டு டொக்டர் கேட்டார். தங்கச்சி பக்கத்தில் நின்றாள். "இல்லை" என்றேன். ஐயா கண்ணைத் திறந்தபடிதான் கிடந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காரணம் பிடிபடாததால், புற்றுநோய் மிஞ்சிவிட்டதோ என்று திசு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தப் பயத்தில் பாதி குறைந்திருக்கும். சொல்லவில்லை. புற்றுநோய் மிஞ்சியிருக்கவில்லை.

புண் இப்போது ஆறிவிட்டது. ஐயாவிடமும் தங்கச்சியிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். தங்கச்சி என்னோடு கதைப்பதில்லை, அது நியாயம். டொக்டரிடம் இன்னும் சொல்லவில்லை. ஐயாவின் கிளினிக் கொப்பியில் அந்தக் குளிசையின் பெயர் இன்றுவரை இல்லை.